பாடகனும் பாடலும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, "இன்றைக்குப் பாட்டு நன்றாயிருந்தது" என்று சொல்லிக்கொள்கிறோம். யார் பாடியது, எந்த வாத்தியம் இசைத்தது என்பதெல்லாம் நினைவிலிருக்கும். பாடலின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்டாலோ பலரும் தயங்குவோம். இது புதிய குறையன்று. பாடற் பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை ஈர்த்த வேளைகளைப் பாவமெனக் கருதிப் புனித அகுஸ்தீனார் தமது வாழ்வைக் கூறும் நூலின் பத்தாம் பாகத்திலே வருந்துகிறார். ஆயினும், ஆலயத்தில் பாடலே வேண்டாமென்று அவர் முடிவு செய்யவில்லை.

அப்படியானால் பாடகன் எங்கே நிற்க வேண்டும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வினால் விடை தேடிய ஒருவரைப் பார்ப்போம்.

மேடையின் வெறுமை

ஜோன் மைக்கல் டால்பட் 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் பிறந்தார். இளமையிலேயே தமையன் டெரியுடன் 'மேசன் புரொஃபிட்' என்னும் இசைக்குழுவிற் சேர்ந்து கித்தாரும் பான்ஜோவும் வாசித்தார். கிராமிய இசையையும் ரொக் இசையையும் இணைத்த அக்குழு பெயர் பெற்றது. ஆனால் ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் அரங்கின் தரையைப் பார்த்தபோது, அங்கே போத்தல்களும் போதைப்பொருட் குப்பைகளும் சிதறிக் கிடந்தன. அந்தக் காட்சி தம் உள்ளத்தை வெறுமையாக்கிற்று என்று அவரே பின்னர் கூறியுள்ளார். 1973 அளவில் குழு கலைந்தது. இளவயதிற் செய்த திருமணமும் முறிந்தது.

அவர் வேதாகமத்தைக் கையிலெடுத்தார். 1976 இல் தனித்துக் கிறிஸ்தவப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார். புனித பிரான்சிஸ் அசிசியாரின் வரலாறு அவரைப் பற்றிக்கொண்டது. 1978 இல் கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்து, பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் வழியைத் தழுவினார்.

செபமாகிய இசை

1979 இல் வெளிவந்த அவரது இசைத்தொகுப்பு 'ஆண்டவரின் இராவுணவு' என்ற பொருளுடைய பெயரைத் தாங்கியது. விசுவாச அறிக்கை போன்ற திருப்பலிச் செபங்களுக்கே அதில் இசையமைத்திருந்தார். கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவரும் அதை விரும்பிக் கேட்டனர். லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலுள்ள மரியன்னையின் புகழ்ப்பாவுக்கு அவர் அமைத்த இசை பல நாடுகளின் ஆலயங்களில் ஒலிக்கிறது. 1982 இல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்று, பெரும்பாலும் பிரிந்த சகோதரரின் உலகைச் சேர்ந்த 'டவ்' விருதைப் பெற்றது. இறையியல் விவாதம் திறக்காத கதவுகளைச் சில வேளைகளிற் செபம் திறந்துவிடுகிறது.

புகழ் திரும்பவும் வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம். ஆர்க்கன்சா மாநில மலைப்பகுதியில் ஒரு துறவுச் சமூகத்தை நிறுவினார். கன்னிமை வாக்களித்தோரும், மணமாகாதோரும், குடும்பத்தினரும் அதிலே இணைந்து வாழ வழியுண்டு. அவரது இசையால் வந்த வருமானம் அச்சமூகத்தையும் ஏழைகளுக்கான பணியையும் தாங்கிற்று. 2008 இல் சிற்றாலயமும் பொதுக் கட்டிடங்களும் தீக்கிரையாயின. அவர்கள் கலைந்துபோகவில்லை, மீண்டும் கட்டினர்.

நமக்குரியது

திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு 1963 இல் வெளிவந்தது. திருஇசை வழிபாட்டுக்குப் பூட்டப்படும் அலங்காரமன்று, அதன் இன்றியமையாத பகுதி என்பது அதன் 112 ஆம் பிரிவின் போதனை. புதிய வாத்தியங்களுக்கும் அது கதவை அடைக்கவில்லை. அவை வழிபாட்டுக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டுமென்றே கேட்கிறது. எனவே கித்தாரா, ஆர்மோனியமா என்பதிலே சண்டையிட வேண்டியதில்லை. மக்களைச் செபிக்கச் செய்கிறதா, வெறுமனே கேட்கச் செய்கிறதா என்பதுதான் அளவுகோல்.

தபசு காலத்தில் நம் முதியோர் பசாம் பாடும்போது, பாடுபவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆண்டவரின் பாடுகளே கண்முன் நிற்கின்றன. பாடகர் குழாமிலுள்ள நம் இளைஞரின் திறமையை மெச்சுவோம். அது இறைவனின் கொடை. அத்தோடு அவர்களுக்குச் செபிக்கவும் கற்பிப்போம். கைதட்டல் ஓய்ந்தபின் எஞ்சுவது அதுவே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. சென்ற ஞாயிறு நாம் பாடிய ஒரு பாடலின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியுமா?

2. நம் வீட்டு மாலைச் செபத்தில் பாடலுக்கு இடமுண்டா?

3. நமக்குள்ள திறமை ஒன்று யாருக்குப் பயன்படுகிறது?