ஹெலிகாப்டர் வாங்க வேண்டாம், அதில் ஏறும் நர்ஸுக்குக் கொடுங்கள்

கேள்வி: நாங்கள் கேம்ப்பெல் பேயில் இருக்கிறோம். முன்னாள் ராணுவத்தினரை இங்கே குடியமர்த்தியபோது வந்த குடும்பம். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. மேகம் விலகி மறுநாள்தான் அவரை விமானத்தில் ஏற்ற முடிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. இங்கிலாந்தில் மக்கள் கொடுக்கும் நன்கொடையிலேயே ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் ஓடுகின்றன என்கிறார்கள். இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து பணம் திரட்டி நாமும் ஒன்று தொடங்கலாமா?
— ஒரு வாசகி, கிரேட் நிக்கோபார்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மாமனார் வீடு திரும்பியது ஆறுதலான செய்தி. தொடங்கலாம், தொடங்கத்தான் வேண்டும். ஆனால் ஹெலிகாப்டர் வாங்குவதற்கென்று ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பிரிட்டனின் முதல் ஏர் ஆம்புலன்ஸ் 1987இல் கார்ன்வாலில் பறக்கத் தொடங்கியது. லண்டனில் 1989இல் வந்தது. லண்டனின் முதல் ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுத்தது ஒரு பத்திரிகை நிறுவனம். இன்று அந்த நாடு முழுக்க இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆனால் செலவைப் பாருங்கள். லண்டன் அறக்கட்டளை தன் இரண்டு பழைய ஹெலிகாப்டர்களை மாற்றுவதற்கு ஒன்றரைக் கோடி பவுண்ட் திரட்ட வேண்டியிருந்தது. நம் கணக்கில் நூற்றைம்பது கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஹெலிகாப்டரும் இருட்டிய பிறகு பறப்பதில்லை. ராத்திரியில் அதே டாக்டர் காரில் போகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே இயந்திரம் மக்கள் காசு. அதில் ஏறும் டாக்டரும் பாராமெடிக்கும் அரசு மருத்துவமனையிலிருந்தும் அரசு ஆம்புலன்ஸ் சேவையிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் தீவுகளில் இது தலைகீழாக இருக்கிறது. இயந்திரத்தை அரசு வைத்திருக்கிறது. நிர்வாகத்துக்காகப் பறக்கும் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஐ.என்.எஸ். உத்குரோஷ் தளத்துக் கடற்படை டோர்னியர் விமானம், கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர், கார் நிக்கோபாரில் விமானப்படை. உங்கள் ஊரிலேயே 2012இல் தொடங்கிய ஐ.என்.எஸ். பாஸ் ஓடுதளம் இருக்கிறது. டோர்னியர் அங்கேதான் வந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. போர்ட் பிளேருக்கு ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல். கப்பலென்றால் நாள் கணக்கு. இதற்கு மேல் இன்னொரு ஹெலிகாப்டரை வாங்கி, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) அனுமதி, பைலட், உதிரிபாகம், எரிபொருள் என்று ஒரு சங்கம் தாங்க முடியாது. தாங்கினாலும் உங்கள் மாமனாரைத் தடுத்த அதே மேகம் அதையும் தடுக்கும்.

அப்படியானால் மேகம் விலகும்வரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபிளின் 1928 மே மாதம் குளோன்கரியிலிருந்து பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். அதற்கு வழி செய்ததும் ஒருவர் தர்மத்துக்கு எழுதிவைத்த பணம்தான். விமானம் வந்த பிறகும், பண்ணை வீட்டில் கிடக்கும் நோயாளியின் சேதி டாக்டருக்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டு ஆல்ஃபிரட் டிரேகர் செய்த, காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்த பிறகே அந்தச் சேவை வளர்ந்தது. விமானம் வருமுன்பே டாக்டரின் குரல் வந்து சேர்ந்தது.

உங்களுக்கு அந்தக் குரல் கடலடியில் வந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். அது கிரேட் நிக்கோபார்வரை எட்டுகிறது. மாரடைப்புக்கு இதைவிட உதவியானது வேறில்லை. வலி தொடங்கியதும் ஈ.சி.ஜி. எடுத்து, பெரிய ஊரில் இருக்கும் இதய மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்னபடி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உங்கள் ஊரிலேயே போட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பலனில்லை. ஊசி வேலை செய்தால் அதன்பின் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் உள்ள ஊருக்குக் கொண்டுபோனால் போதும். தமிழ்நாட்டில் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரியவற்றையும் இப்படி இணைத்து நடத்திய, மாரடைப்புக்கான ஸ்டெமி திட்டம் உயிர்களைக் காத்திருக்கிறது. உங்கள் மாமனாருக்கு என்ன சிகிச்சை தரப்பட்டது என்பது கடிதத்தில் இல்லை. அதனால் பொதுவாகத்தான் சொல்கிறேன். ஈ.சி.ஜி. அனுப்பும் கருவியும், தீராமல் இருப்பில் இருக்கும் ஊசியும் மறுநாள் காலை வரும் டோர்னியரைச் சரியான நேரத்துக்கு வந்ததாக்கிவிடும்.

இனி விமானத்துக்குள்ளே. டோர்னியரிலும் ஹெலிகாப்டரிலும் கேபினுக்குள் காற்றழுத்தம் கூட்டும் வசதி இல்லை. உயரம் ஏற ஏற உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். விபத்தில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், தரையிலேயே குழாய் போட்டு வெளியேற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் கணக்கும் முக்கியம். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு இரண்டு மணி நேரத்தில் 1,200 லிட்டர் செலவாகும். ஒரு பி-டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரத்தையும் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வரும் நேரத்தையும் சேர்த்தால் அது போதாது. இதெல்லாம் பழகிய நர்ஸ் ஒருவர் கூட ஏற வேண்டும். இல்லையென்றால் தீவில் இருக்கும் டாக்டரே ஏறிப் போக நேரிடும். அன்றைக்கு ஊரில் ஒரு பிரசவம் வந்தால் யார் பார்ப்பது?

உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். இரண்டு மூன்று நர்ஸ்களுக்கு வான்வழி நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி, கையில் தூக்கிச் செல்லும் வென்டிலேட்டர், மானிட்டர், பச்சிளங்குழந்தைக்கான இன்குபேட்டர். எதையும் தனியாக வாங்கி வைக்காதீர்கள். சுகாதாரத் துறையோடு எழுத்தில் பேசி, யார் பராமரிப்பது என்று முடிவான பிறகே வாங்குங்கள். பேட்டரி செத்துப்போன மானிட்டர் அலமாரியில் இருந்து என்ன பயன்?

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குப் போகும் கட்டத்தில்தான் குடும்பங்கள் கடனாளியாகின்றன. சுமார் 1,370 கிலோமீட்டர். படுத்தபடி போகும் நோயாளியை ஏற்றும் விமான நிறுவனங்கள் பல இருக்கைகளின் கட்டணத்தைச் சேர்த்துக் கேட்கும். மெயின்லேண்டில் தங்கும் செலவு வேறு. அரசுக் காப்பீடு சிகிச்சைக்குக் கைகொடுத்தாலும் இந்தச் செலவுகள் பெரும்பாலும் வீட்டின் தலையில்தான் விழும். இதற்கென்று தனியாக ஒரு சிறு நிதி வையுங்கள்.

பணம் சேர்க்கும் முறைக்கு சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்குள்ள ரேகா மீட்புச் சேவை பணமுடையில் இருந்தபோது, 1966இல் பொதுமக்களை ஆண்டுச் சந்தாதாரர்களாக்கியது. இன்று ஏறத்தாழ 90 லட்சம் பேர் வாழும் நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தா கட்டுகிறார்கள். பெரிய நன்கொடையாளர் ஒரு வருடம் கொடுப்பார், மறு வருடம் மறந்துவிடுவார். பயிற்சியும் ஆக்சிஜனும் வருடா வருடம் வேண்டும். எனவே சிறிய மாதச் சந்தா வையுங்கள். கேம்ப்பெல் பேயில் இருக்கும் பஞ்சாபி, தெலுங்கு, மராத்திக் குடும்பங்களையும், நிக்கோபாரிகளையும், ரப்பர் தோட்டத்துக்காகக் குடிவந்த கச்சால் தீவுத் தமிழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; நெஞ்சுவலி எல்லா வீட்டுக்கும் வரும். டிரஸ்டாகப் பதிவு செய்து, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைச் சான்றும் வாங்கினால் சென்னையிலிருக்கும் சொந்தக்காரர்களும் தயங்காமல் கொடுப்பார்கள்.

வசூலைத் தொடங்குமுன் உங்கள் ஊர் மருத்துவ அதிகாரியைப் போய்ப் பாருங்கள். போன வருடம் விமானத்தில் அனுப்பிய நோயாளிகளுக்கு வழியில் எது இல்லாமல் போயிற்று என்று கேளுங்கள். அவர் முதலில் சொல்வதை முதலில் வாங்குங்கள்.