அணுகுண்டு விழுமுன் நமக்குச் சொல்வார்களா?



2025 மே 7ஆம் தேதி நடத்துமாறு, நாடு முழுவதும் 244 மாவட்டங்களைக் குறித்து மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பாதுகாப்பு ஒத்திகைக்கு உத்தரவிட்டிருந்தது. நம் தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அந்த ஒத்திகை நடந்தது. அந்த வாரம் எல்லையில் நிஜமாகவே சண்டை. இரண்டு பக்கமும் அணு ஆயுதம் உள்ள நாடுகள். அப்போது பலர் கேட்ட கேள்வி இதுதான்: "நிஜமா ஒருநாள் அணுகுண்டு வந்தா முன்னாடியே சொல்லுவாங்களா? சொன்னாலும் நம்ம ஜவ்வாது மலைக்கு அந்தச் சேதி எப்போ வந்து சேரும்?"

வேடிக்கையாகக் கேட்பவர்களும் உண்டு. "நம்ம காவலூர்ல அவ்ளோ பெரிய டெலஸ்கோப் இருக்கே, அதுல தெரியாதா?" தெரியாது நண்பா! வைணு பாப்பு ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் இரவு வானத்தின் மிகச் சிறிய ஒரு துண்டை மட்டுமே உற்றுப் பார்ப்பவை. ஏவுகணையைக் காண ரேடாரும் செயற்கைக்கோளும் வேண்டும். ஆகவே கேள்வியை ஒழுங்காகவே எடுத்துக்கொள்வோம்.

சென்னை படித்த இரண்டு பாடங்கள்

முதல் பாடம் 1914. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலுக்கு வந்தது. யாரும் எச்சரிக்கவில்லை. நகரத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சமே அதற்கு வழிகாட்டியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு அரை மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. அதன் பிறகுதான் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். இன்றும் கெட்டிக்கார ஆளை 'சரியான எம்டன்டா அவன்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அந்த இரவில் பிறந்தது.

இரண்டாவது பாடம் 1942. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பான் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று ஒரு தகவல் வர, கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம் நகரத்தைக் காலி செய்யச் சொன்னது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து தப்பித்துவிடும் என்று பயந்து மிருகக்காட்சி சாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டே கொன்றார்கள். ஆனால் கடற்படை வரவில்லை. தகவல் பொய்! 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றது. அவ்வளவுதான்.

ஒரு முறை ஆபத்து வந்தது, எச்சரிக்கை வரவில்லை. இன்னொரு முறை எச்சரிக்கை வந்தது, ஆபத்து வரவில்லை.

ரிலே சொல்லும் உண்மை

மின்னியல் துறை நண்பர்களுக்கு இது புதிதல்ல. லேப்பில் பாதுகாப்பு ரிலேயை அதிக உணர்திறனோடு செட் செய்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும். தளர்த்தி வைத்தால் உண்மையான ஃபால்ட் வரும்போது பேசாமல் இருந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடிப்பதுதான் இன்ஜினியரிங்.

எச்சரிக்கை விஷயமும் அதே கதைதான். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை விட்டுவிட்டதாகக் காட்டியது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி, 'போர் தொடுப்பவன் ஐந்தோடு நிறுத்துவானா?' என்று யோசித்து, அது தவறான அலாரம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தின் மீது பட்ட சூரிய ஒளிதான் கருவியை ஏமாற்றியிருந்தது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் தீவு மக்களின் செல்போனுக்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று செய்தி போனது. ஓர் ஊழியரின் பிழை. தவறு என்ற மறுசெய்தி அதே செல்போன்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது!

எனவே அதிகாரத்தில் இருப்பவர் பட்டனை அழுத்துமுன் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் தயங்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஏழரை நிமிடக் கணக்கு

முதலாண்டு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? 45 பாகையில் எறிந்த பொருள் தரை சேர ஆகும் நேரம்: தூரத்தை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். தூரம் 1,000 கிலோமீட்டர், அதாவது 10 லட்சம் மீட்டர் என்று வையுங்கள். 20 லட்சத்தை 9.8ஆல் வகுத்தால் சுமார் 2,04,000. வர்க்கமூலம் சுமார் 452 விநாடி. ஏழரை நிமிடம்! 2,000 கிலோமீட்டர் என்றால் பத்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். காற்றுத் தடையையும் பூமியின் வளைவையும் விட்டுவிட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் அளவு புரிகிறதல்லவா?

இந்த ஏழரை நிமிடமும் நமக்குக் கிடைக்காது. தரையில் உள்ள ரேடார் அடிவானத்துக்குக் கீழே பார்க்காது. ஏவுகணை மேலே எழுந்த பின்தான் அது தெரியும். பிறகு நிஜமா பொய்யா என்று பார்க்க வேண்டும். விமானப் படையிடமிருந்து குடிமைப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும். அங்கிருந்து சைரன். குறிவைக்கப்பட்ட நகரத்தில் இருப்பவருக்கு மிஞ்சுவது ஓரிரு நிமிடம். எதுவுமே மிஞ்சாமலும் போகலாம்.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலை 7.09க்கு சைரன் ஒலித்தது. வந்தது வானிலை பார்க்கும் விமானம். 7.31க்கு ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள். மக்கள் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினார்கள். 8.15க்குக் குண்டு வெடித்தது. சைரன் இருந்தது, ஊழியர் இருந்தார்கள், பழக்கமும் இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் மக்கள் தெருவில் இருந்தார்கள்.

நேரம் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.30 மணிக்கு சுமத்ரா அருகே பூகம்பம். சுனாமி தமிழகக் கரையைத் தொட்டது ஒன்பது மணியை ஒட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது! நாகப்பட்டினத்துக்கு ஒரு போன் போதும். ஆனால் யார் யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடே இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்கள் போயின. 2007இல்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

ஆக, எச்சரிக்கை என்பது நான்கு கண்ணி கொண்ட சங்கிலி. காண்பது, முடிவெடுப்பது, அனுப்புவது, கேட்டவர் புரிந்து நடப்பது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலியே இல்லை.

நம் மலையின் கணக்கு வேறு

இங்கேதான் நண்பர்களே, ஒரு முக்கியமான விஷயம். காவலூரிலிருந்து கல்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர். சென்னை சுமார் 165. (அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துள்ளன. ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி பட்டியலையும் மாற்றிக்கொள்கின்றன.) ஒரு பேச்சுக்குச் சென்னையில் குண்டு விழுந்தது என்றால், அந்த வெப்பமும் இடிபாடும் நம்மை எட்டாது. எட்டக்கூடியது கதிரியக்கத் தூசி. அதுவும் காற்று இந்தப் பக்கம் அடித்தால்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று என்றால் 165 கிலோமீட்டர் வர ஐந்தரை மணி நேரம்.

அதாவது சென்னைக்காரருக்கு நிமிடக் கணக்கு, நமக்கு மணிக் கணக்கு. நமக்கு எச்சரிக்கை சொல்ல நேரம் நிச்சயம் உண்டு. சொல்லாமல் போனால் அதற்கு ஏவுகணையின் வேகம் காரணமாகாது. நம் சுனாமி கதை மலையில் இன்னொரு முறை நடந்தது என்றுதான் அர்த்தம்.

அப்படி நடக்க வாய்ப்பு உண்டா? உண்டு. 2023இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சி-டாட் நிறுவனமும் செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதித்தன. போன் அலறி ஒரு செய்தி திரையில் வந்ததே, அதுதான். எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு எண்ணாகப் போக வேண்டும், நெரிசலில் தேங்கும். செல் பிராட்காஸ்ட்டோ ஒரு டவருக்குக் கீழே உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நொடியில் போகும். அருமையான முறை! ஆனால் டவர் எட்டினால்தானே? ஜமுனாமரத்தூர் கடைவீதியில் போன் அலறும். பள்ளத்தாக்கில் சாமை அறுக்கிற அக்காவுக்கும், ஆடு மேய்க்கிற தாத்தாவுக்கும் சிக்னல் ஒரு கோடு கூட இருக்காது. டவர் இருந்தும் கரண்ட் போய் பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

டிப்ளமோ படிக்கிற நாம் ஏவுகணையைத் தடுக்க முடியாது. நான்காவது கண்ணியைக் கட்ட முடியும்.

1. பேட்டரியில் ஓடும், மீடியம் வேவ் உள்ள ரேடியோ ஊருக்கு ஒன்றாவது வேண்டும். பண்பலை நேர்க்கோட்டில் போவதால் மலை மறைக்கும். மீடியம் வேவ் தரையை ஒட்டி வளைந்து வரும். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பது நமக்குக் கைவந்த கலைதானே?

2. சைரன் மொழியைச் சொல்லிக் கொடுப்போம். ஏறி ஏறி இறங்கும் ஒலி ஆபத்து. ஒரே சீராக நீளும் ஒலி ஆபத்து நீங்கியது.

3. டவர் எட்டும் ஊரிலிருந்து எட்டாத ஊருக்கு யார் பைக்கில் போவது, கோயில் ஒலிபெருக்கியில் யார் பேசுவது என்பதை முன்கூட்டியே பெயரோடு எழுதி வைப்போம். காட்டாற்று வெள்ளத்துக்கும் காட்டுத் தீக்கும் அதே பட்டியல் உதவும்.

4. தூசி வருகிறது என்றால் என்ன செய்வது? ஓட வேண்டாம். கான்கிரீட் கட்டடம், பள்ளிக்கூடம், தடித்த சுவர் உள்ள வீடு, இவற்றின் நடு அறையில் இருக்க வேண்டும். கிணற்றையும் குடத்தையும் மூடி, ஆடு மாடுகளைக் கொட்டகையில் அடைக்க வேண்டும். வெளியே போய் வந்தவர் துணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் உள்ளே? அதற்கும் எளிய கணக்கு உண்டு. நேரம் ஏழு மடங்கானால் தூசியின் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 100 என்றால் 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1. முதல் இரண்டு நாள் உள்ளே இருப்பதுதான் உயிர்க்காப்பு. பிறகு வெளியே வரலாமா என்பதை ரேடியோ சொல்லட்டும்.

'சொல்வார்களா?' என்ற கேள்விக்கு என் விடை இது. குறிவைக்கப்பட்ட நகரத்துக்குச் சொல்லலாம், சொல்ல நேரமில்லாமலும் போகலாம். குண்டே செய்யாத, வெடிக்காத உலகம்தான் அதற்கு ஒரே பரிகாரம். ஆனால் நம் மலைக்குச் சொல்ல நேரம் இருக்கிறது. சொல்லும் ஆள்தான் வேண்டும். டெல்லியிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை சேதி வர ஆயிரம் கருவிகள் இருக்கலாம். அங்கிருந்து கடைசி ஊர்வரை அதைக் கொண்டுபோகிற கம்பி நாம்தான்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம், வாருங்கள் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை