உதிரப்போக்கு நாள் கடந்தால் கைமருந்தோடு நிற்க வேண்டாம்



மாதவிடாய் வயிற்றுவலிக்கு மோரில் ஊறிய வெந்தயம், வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, அதிக உதிரப்போக்குக்கு அசோகப்பட்டைக் கஷாயம். இவையெல்லாம் நம் மூத்தவர்கள் கையாண்டு வந்தவை. இவற்றை நாம் குறை கூறவில்லை. நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்துள்ளான். எனவே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு உதிரம் நிற்காமல் வந்தது. அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, நபியவர்களிடமே கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, இரத்த நாளத்திலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். இதையே இஸ்திஹாளா என்கிறோம். மாதவிடாயின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்கள் தொழுகை, நோன்புக்கான கணக்கு. மருத்துவரிடம் போக 15 நாள் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் அல்ல.

உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கர்ப்ப காலத்திலும், மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகும் சிறிதளவு தென்பட்டாலே போக வேண்டும். கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு, சிலருக்குப் புற்றுநோய்கூடக் காரணமாகலாம். கஷாயத்தால் உதிரம் குறைந்தாலும் காரணம் உள்ளேயே இருக்கும்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தசோகை முற்றியவர்களுக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை அதிகம் உண்டால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள் கருஞ்சீரகத்தை மருந்தாக உண்ண வேண்டாம். நாட்டு மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவில் கேட்டு உண்ணுங்கள். எதை உண்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சகோதரர்களே! வீட்டுப் பெண்கள் தாமாகச் சொல்லட்டும் என்று காத்திராமல் நீங்களே கேட்டு அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆளில்லாத சகோதரிகள் நம் அலுவலகத்தில் சொன்னால், ஒரு பெண்மணியை உடன் அனுப்புகிறோம். விவரம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.