வளர்ப்பு நாய்க்குக் காப்பீடு: உயரும் பிரீமியத்தை எதிர்கொள்ளும் வழிகள்

வீட்டுக்கு, வாகனத்துக்கு, உடல்நலத்துக்கு எனக் காப்பீடு எடுப்பது நமக்குப் பழகிய ஒன்று. அவ்வரிசையில் அண்மை ஆண்டுகளில் வளர்ப்பு நாயும் இடம்பெற்றுள்ளது. ஆனால் பாலிசியைப் புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் தொகை கூடிவருவதைக் கண்டு, தொடர்வதா விடுவதா எனப் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைக் கணக்கிட்டுத் தீர்த்துக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

காப்பீடு வந்த வழி

நம் நாட்டில் கறவை மாட்டுக்கான காப்பீடு நெடுநாளாக உள்ளது. நாய்க்கான பாலிசியைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கி வந்துள்ளன. 2020 ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் அறுவை மருத்துவம், இறப்பு, காணாமற்போதல், பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு எனப் பல பகுதிகள் கொண்ட திட்டத்தை அறிமுகப்படுத்தியது. பிற தனியார் நிறுவனங்களும் பின்னர் இத்துறைக்கு வந்தன. இவற்றையெல்லாம் நெறிப்படுத்தும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில்தான் அமைந்துள்ளது.

தொகை ஏன் உயர்கிறது?

காரணங்கள் மூன்று. முதலாவது, நாயின் வயது. முதுமை நெருங்க நெருங்க நோய் வாய்ப்பு மிகும். பிரீமியமும் அதனுடன் ஏறும். இரண்டாவது, மருத்துவச் செலவு. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்துடன் கூடிய அறுவை ஆகியவை நாய்களுக்கும் இன்று கிடைக்கின்றன. அவற்றின் விலையும் உடன் வருகிறது. மூன்றாவது, காப்பீடு எடுப்போர் குறைவாக இருக்கையில் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் தோள்களும் குறைவாகவே இருக்கும்.

இது நம் நகருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பிரிட்டனில் கால்நடை மருத்துவக் கட்டணங்கள் 2016 முதல் 2023 வரை சராசரியாக 63 சதவீதம் உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கண்டறிந்தது.

ஒரு கணக்கு

செகந்திராபாத்தின் பத்மாராவ் நகரில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பமும் கீழ்வரும் தொகைகளும் விளக்கத்துக்காக நாம் வகுத்துக்கொண்டவை. அவர்களிடம் எட்டு வயது லாப்ரடார் ஒன்று உள்ளது. சென்ற ஆண்டு 6,000 ரூபாயாக இருந்த பிரீமியம் இவ்வாண்டு 7,800 ரூபாய். செலவில் 20 சதவீதத்தை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்பது நிபந்தனை.

45,000 ரூபாய் செலவாகும் அறுவை ஒன்று நேர்கிறது எனில், நிறுவனம் 36,000 ரூபாய் தரும். குடும்பம் 9,000 ரூபாய் செலுத்தும். பிரீமியத்தையும் சேர்த்தால் அவர்களுக்கு ஆகும் செலவு 16,800 ரூபாய். காப்பீடு இல்லையேல் 45,000 ரூபாயும் அவர்களுடையதே.

அத்தகைய செலவு நான்காண்டுகளுக்கு ஒருமுறை வருமெனில், செலுத்தும் பிரீமியம் 31,200 ரூபாய். பெறுவது 36,000 ரூபாய். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை எனில் 39,000 ரூபாய் செலுத்தி 36,000 ரூபாய் பெறுவோம். ஆகவே இலாப நட்டம் ஏறத்தாழ நிகர். அப்படியானால் கேட்கவேண்டிய வினா வேறு: "ஒரே நாளில் 45,000 ரூபாய் எடுத்துவைக்க நம்மால் இயலுமா?" இயலாது என்பதே விடையானால், காப்பீட்டைத் தொடர்வது நன்று.

விடுவதற்கு முன் எண்ணுக

பல திட்டங்களில் புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு. உருவில் மிகப் பெரிய இனங்களுக்கு அவ்வரம்பு இன்னும் குறைவு. முதிய நாயின் பாலிசியை ஓராண்டு விட்டுவிட்டால் மீண்டும் சேர முடியாமற் போகலாம். சேர முடிந்தாலும், காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். இடையில் வந்த நோய் "முன்பே இருந்த நோய்" எனப் பெரும்பாலும் விலக்கப்படும். காப்பீடு மிகுதியாகத் தேவைப்படும் வயதில்தான் அது கைநழுவுகிறது என்பதை மறத்தலாகாது.

சுமையைக் குறைக்கும் வழிகள்

1. தேவையற்ற பகுதிகளை நீக்குக. புறநோயாளிச் செலவு போன்ற சிறு செலவுகளைக் கையிலிருந்தே செய்து, அறுவைக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் மட்டும் காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம்.

2. நம் பங்கைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்க இயலுமா எனக் கேட்டறிக. மேற்கண்ட குடும்பம் 30 சதவீதத்தை ஏற்றால் பிரீமியம் 6,600 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 1,200 ரூபாய் மிச்சம். அறுவை நேர்ந்தால் 4,500 ரூபாய் கூடுதல் செலவு. நான்காண்டுகள் நோயின்றிக் கழிந்தால்தான் இம்மாற்றம் பயன் தரும். முதிய நாய்க்கு இது ஏற்றதன்று. இளம் நாய்க்கு ஏற்றது.

3. தொடர் வைப்புக் கணக்கு தொடங்குக. மாதம் 1,000 ரூபாய் வீதம் சேர்த்தால், நம் பங்கான 9,000 ரூபாய் ஒன்பதே மாதங்களில் சேர்ந்துவிடும். இளம் நாய் உள்ளோர் மாதம் 1,500 ரூபாய் செலுத்தினால், மூன்றாண்டுகளில் வட்டி நீங்கலாக 54,000 ரூபாய் கையிருப்பாகும். ஆனால் முதல் ஆண்டிலேயே விபத்து நேர்ந்தால் சேமிப்பு போதாது. ஆகவே தொடக்கத்தில் காப்பீடும் சேமிப்பும் இணைந்தே நடக்கட்டும்.

4. மைக்ரோசிப் பொருத்திய நாய்க்குச் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன; அதைக் கேட்டுப் பெறுக.

5. வருமுன் காக்க. தடுப்பூசி தவறினால், அந்நோய்க்கான இழப்பீடும் மறுக்கப்படலாம். உண்ணிக் காய்ச்சலுக்கும் கோடை வெப்பத்துக்கும் முன்னெச்சரிக்கை தேவை. கருத்தடை செய்த பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து பெரிதும் விலகும். நாராயணகுடா அரசு கால்நடை மருத்துவமனை, ராஜேந்திரநகர் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் சேவையையும் நம் நகரத்தார் நாடலாம்.

உரிமை மறுக்கப்பட்டால்

மாநகராட்சிப் பதிவுச் சான்று, தடுப்பூசி அட்டை, நாயின் ஒளிப்படம், மருத்துவரின் சீட்டு, ரசீது ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் முறையிடவேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவருக்கு ஐதராபாத்தில் அலுவலகம் உண்டு. ஆணையத்தின் 'பீமா பரோசா' சேவையை 155255 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே பாலிசியை எடுத்து, விலக்குகள் பகுதியை முழுதும் படியுங்கள். இங்குக் கண்ட கணக்கை உங்கள் தொகைகளைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாயில்லா உயிரின் மருத்துவத்தை, நோய் வந்த இரவில் பணத்துக்கு அலைந்து முடிவு செய்ய நேராதபடி இன்றே அமர்ந்து திட்டமிடுவது நம் கடமை.