காய்ச்சல் வந்தால் காத்திராதீர்

சென்ற மாதம், டில்லி மருத்துவமனையொன்றில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் விடுதி நண்பரைக் காணப் பூங்கொத்தோடும் தடுமனோடும் போனேன். செவிலியர் வாயிலிலேயே நிறுத்தினார். வருந்தினேன், காரணத்தைப் படித்தறிந்தபின் வெட்கினேன்.

அம்மருந்து நோயணுக்களோடு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் அழிக்கிறது. அவற்றுள் நியூட்ரோஃபில் என்பவை கன மில்லிமீட்டருக்கு 500-க்குக் கீழிறங்கினால் ஆபத்து மிகுதி. அப்பொழுது புண்ணில் சீழ்கூடச் சரியாகக் கட்டாது. பெரும்பாலும் காய்ச்சலே ஒரே அறிகுறி. வெப்பம் 38.3 பாகை செல்சியசை எட்டினால், மாத்திரை விழுங்கித் தணித்துப் பார்த்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தை ஊசி வழியே ஏற்றுதல் முறை.

நண்பர்களே, நோயாளியைக் காணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பூவும் நறுக்கிய பழமும் வேண்டா. தடுமன் இருந்தால் கடிதம் எழுதுங்கள். அது நீங்கும்வரை நானும் கடிதமே எழுதினேன்.