எந்த ஸ்க்ரூவுக்கு எந்த முனை?

மிக்ஸியோ கெட்டிலோ நின்றுபோனால் வீட்டில் முதலில் தேடுவது லைன் டெஸ்டரைத்தான். பல வீடுகளில் அதுவே ஸ்க்ரூட்ரைவர், பெயின்ட் டப்பா திறப்பதும் அதைக்கொண்டே. ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளத்தில் அந்தத் தட்டை முனை இரண்டு பக்கம்தான் பிடிக்கும். ஓங்கித் திருப்பினால் பள்ளம் மழுங்கும், டெஸ்டரின் பிடியில் விரிசல் விழும். விரிசல் விழுந்த டெஸ்டரால் அப்புறம் கரன்ட் பார்ப்பது ஆபத்து. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்க்ரூ கழல மறுத்தால் அதன் தலை விசித்திரமானது என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் குற்றவாளிகள் வேறு: ஏறக்குறையப் பொருந்தும் முனையும் கடற்காற்றுத் துருவும்.

ஸ்டார் என்று நாம் சொல்வதிலேயே மூன்று உண்டு. அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற கூட்டல்குறி வடிவம்தான் எங்கும் காண்பது. பல்பு விற்ற டச்சு பிலிப்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. வீட்டுச் சாமான்களில் பெரும்பாலும் பிஎச்2 அளவு, சின்னவற்றில் பிஎச்1. கூட்டல்குறியின் கைகளுக்கு இடையே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போசிட்ரைவ், பிஇசட் முனை வேண்டும். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் ஜப்பானிய ஜேஐஎஸ் தரம். பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காமல் துள்ளும். ஆனால் ஜேஐஎஸ் முனையை பிலிப்ஸ் ஸ்க்ரூவில் தாராளமாகப் போடலாம். ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருந்தால், நூறு முனைகள் அடங்கிய மலிவு செட்டை விட்டுவிட்டு நல்ல எஃகில் செய்த பிஎச்2 ஒன்றை வாங்குங்கள். மலிவு முனைகள் ஸ்க்ரூவுக்கு முன்னால் தாங்களே மழுங்கும்.

மற்ற தலைகள் வருவது எப்போதோ ஒருமுறை. 1967-இல் வந்த டார்க்ஸ், ஆறு இதழ் கொண்ட பூப்போல இருக்கும். ஐரோப்பிய வடிவமைப்பு வாஷிங் மெஷின்களில் டி20 அளவு சகஜம். இதற்கு ஆலன் கீயைத் திணிக்காதீர்கள், இதழ்கள் உருண்டுவிடும். நடுவில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது பாதுகாப்பு டார்க்ஸ், நடுவே துளையுள்ள முனைதான் உள்ளே போகும். கெட்டில் அடித்தட்டிலும் பொம்மையிலும் முக்கோணப் பள்ளம் வரும். வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் அடாப்டர்களில் மூன்று சிறகுள்ள தலையைக் காணலாம். இரண்டு துளை மட்டும் உள்ள பாம்புக்கண் தலையும் உண்டு.

இவற்றுக்கு முனை வாங்குவதா, சமாளிப்பதா? முக்கோணத்துக்கு வாங்கவே வேண்டாம்: ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் வரை சரியாக அடையும் சின்னத் தட்டை முனை போதும். பாம்புக்கண்ணை மூக்குக் குறடு திருப்பிவிடும். குச்சி டார்க்ஸிலும் குச்சிக்கும் சுவருக்கும் நடுவே தட்டை முனையைச் செருகலாம், ஸ்க்ரூ லேசாக இருக்கும்வரை. மூன்று சிறகு மட்டும் எதற்கும் மசியாது, அதற்காகவே ஒரு பாதுகாப்பு முனை செட் வீட்டில் இருக்கட்டும்.

தலையே கண்ணில் படவில்லையா? ரப்பர் காலுக்கு அடியில், ஸ்டிக்கருக்குக் கீழே, அயர்ன் பாக்ஸ் என்றால் பின்மூடிக்குள் பாருங்கள். ஸ்டிக்கரை விரலால் அழுத்தினால் குழி தெரியும். அதைக் கிழித்தால் வாரண்டி போகலாம், காலம் முடிந்ததா என்று பார்த்துவிட்டுக் கிழியுங்கள்.

திசையிலும் பலர் ஏமாறுகிறார்கள். டேபிள் ஃபேனில் இறக்கையைப் பிடித்திருக்கும் திருகு இடது மரை. வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். அதன் பின்னால் வலையைப் பிடித்திருக்கும் நட் வழக்கமான மரை. மிக்ஸி கப்ளருக்கு ஒரே விதி: மோட்டார் சுற்றும் திசையிலேயே கப்ளரைச் சுற்றுங்கள், அடியில் ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு. ஓடும்போது தானாக இறுகும்படி மரை வெட்டியிருப்பதால் எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

இனி துரு. சங்குமுகம், வலியதுறைப் பக்கம் வீடு என்றால் பால்கனி வாஷிங் மெஷினே சாட்சி. எஃகு ஸ்க்ரூ அலுமினியத்தில் இறங்கியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையைக் கவ்விக்கொள்ளும். இங்கே எதற்கும் தேங்காய் எண்ணெயை எடுப்பார்கள். அது கெட்டியானது, மரைக்குள் இறங்காது. துரு இளக்கும் ஸ்ப்ரே நல்லது. அடித்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். அதுவும் போதாவிட்டால் சூடு: சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் சில நிமிஷம் வைத்தால் உலோகம் விரிந்து பிடி தளரும், மரையில் பூசிய பசையும் இளகும். ஸ்ப்ரே எரியக்கூடியது, அதைத் துடைத்துக் காயவிட்ட பிறகே சூடு. பிளாஸ்டிக்கில் இறங்கிய ஸ்க்ரூவுக்குச் சூடே வேண்டாம். உலோகத்தில் தடித்த ஸ்க்ரூ என்றால் சுத்தியலால் தட்டத் தட்டத் திரும்பும் இம்பாக்ட் ட்ரைவர்தான் நான் முதலில் எடுப்பது. அடி முனையை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புவதால் பள்ளம் மழுங்குவது அரிது. மிக்ஸியின் பிளாஸ்டிக் உடம்பில் அதைப் பயன்படுத்தினால் உடம்புதான் உடையும்.

பள்ளம் ஏற்கெனவே மழுங்கிவிட்டதா? ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தும் வித்தை சின்ன, லேசான ஸ்க்ரூவுக்கு மட்டும் பலிக்கும். தலை வெளியே தெரிந்தால் ஹேக்சா பிளேடால் ஒரு கோடு வெட்டித் தட்டை முனையால் திருப்புவது மேல். குழிக்குள் இருந்தால் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு, மிஞ்சிய தண்டைக் குறடால் பிடிக்கலாம். ஸ்க்ரூவில் துளையிட்டுக் கவ்வி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எளிதில் உடையும், அதைக் கடைசியில் வையுங்கள். துளைக்குள் அது முறிந்தால் சாதாரண ட்ரில் அந்தக் கெட்டி எஃகை அறுக்காது.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் அந்த லைனில் கரன்ட் இருக்கும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட் அளவில் தேங்கியிருக்கக்கூடும். அந்த ஸ்க்ரூவை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மறுபடி மூடும்போது பிளாஸ்டிக் மரையில் ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'க்ளிக்' என்று பழைய மரையில் விழுந்ததும் முன்பக்கம் திருப்பினால் புது மரை வெட்டாது. துருப்பிடித்ததைத் திரும்பப் போடாதீர்கள். சாலை பஜார் ஹார்டுவேர் கடைக்குப் பழைய ஸ்க்ரூவையே மாதிரிக்கு எடுத்துச் செல்லுங்கள், அங்கே தமிழிலேயே கேட்கலாம். கடலோர வீட்டுக்கு 304-ஐ விட 316 ஸ்டெயின்லெஸ் நீடிக்கும். அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, விலையும் அதற்கேற்ப. அலுமினியத்தில் முடுக்குவதானால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.