கோடு எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள யாழினி,

தஞ்சைப் பெரிய கோயிலை இரவில் எடுத்து அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விமானத்தின் மேல் விழும் வெளிச்சம் அருமையாகப் பதிந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு நீளக் கோடு சாய்வாக ஓடுகிறது. எந்த ஆப்பில் அதை அழிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அழிக்க வேண்டாம். அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அடுத்த படத்தில் வராமலே தடுத்துவிடலாம்.

ஒரு சோதனை செய். தெருவிளக்குக் கம்பத்தின் எதிரே நின்று போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு படம், படுக்கவைத்து இன்னொரு படம் எடு. முதல் படத்தில் கம்பத்தை ஒட்டி ஓடிய கோடு, இரண்டாவதில் கம்பத்துக்குக் குறுக்கே ஓடினால் கோளாறு லென்ஸில் இருக்கிறது. போனைத் திருப்பியும் கோடு திரும்பவில்லையென்றால் காரணம் வெளியே. காருக்குள்ளிருந்து எடுக்கும்போது முன்கண்ணாடியில் வைப்பர் இழுத்த தடம் இப்படித்தான் காட்டும். படத்துக்குப் படம் கோட்டின் வடிவமே மாறினால் கை ஆடியிருக்கிறது. அப்போது எல்லா விளக்குகளும் அநேகமாக ஒரே மாதிரி நெளிந்திருக்கும். ட்ரைபாடில் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

உன் படத்தில் கோடுகள் நேராக, ஒரே திசையில் இருக்கின்றன. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். சட்டை நுனியால் ஒரே இழுப்பாகத் துடைத்தால் பிசுக்கு போகாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாக லென்ஸ் மேல் பரவும். அதில் பட்ட ஒளி அந்த வரிகளுக்குக் குறுக்கே சிதறும். மேலிருந்து கீழாகத் துடைத்திருந்தால் கோடு பக்கவாட்டில் ஓடும். பகலில் இது படத்தைக் கொஞ்சம் மங்கலாக்குவதோடு சரி. இருட்டுப் பின்னணியில்தான் காட்டிக்கொடுக்கும். லென்ஸ் மேல் லேசாக வாயால் ஊதி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடை. பிறகு டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். பிசுக்குப் படலம் மினுங்கினால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

பெரிய கேமராவில் விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர்கள் வருவது வேறு. லென்ஸுக்குள் இருக்கும் அபெர்ச்சர் இதழ்கள் செய்கிற வேலை அது. 6 இதழ் என்றால் 6 கதிர். 7 என்றால் 14. எஃப் 16-இல் கூர்மையாகத் தெரியும், எஃப் 4-இல் அடங்கிவிடும். எனக்கு அந்தக் கதிர்கள் பிடிக்கும். விளக்குக்கு நேரெதிர் மூலையில் பச்சைப் புள்ளி விழுந்தால் ஃபில்டரைக் கழற்றிப் பார். போனில் என்றால் கோணத்தைக் கொஞ்சம் மாற்று.

வானத்தை எடுக்கும்போது நட்சத்திரங்களே கோடாக நீண்டால் கருவியில் குறையில்லை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துக்கொள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 20 விநாடி வரை திறந்து வைக்கலாம். விட்டுவிட்டுப் புள்ளிகளாக ஓடும் கோடு விமானம். விடாமல் ஓடுவது பெரும்பாலும் செயற்கைக்கோள்.

இன்றிரவே லென்ஸைத் துடைப்பதற்கு முன் இரண்டு படம், துடைத்த பின் இரண்டு படம் எடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா